இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு ஒன்று

மார்ச் 3, திங்கள்

இன்று பகல் பன்னிரண்டேகாலுக்கு என் வலது புருவத்திலிருந்து ஒரு செதில் கிளம்பி, பள்ளி ஆசிரியை ஒருவர் போட்டுப் பார்க்கவிருந்த கறுப்பு ஃபிரேமின் மேல் வந்து இறங்கியது. பெரிய செதில் இல்லை. ஆனால் கறுப்பின் மேல் வெள்ளை. ஆசிரியைகளுக்கு அது பழகிய காட்சி. உடனே படித்துவிட்டார்.

"இது என்னங்க?"

பத்தொன்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையின் முன் மேசையில் உட்கார்ந்து, பிறர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என் முகத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். பதில் சொல்லத் தெரியாமல் போகுமா? "புது ஃபிரேம்மா. பாலிஷ் தூள்," என்றேன். அவர் நிமிர்ந்து என் புருவத்தைப் பார்த்தார். தூளின் தொழிற்சாலை அங்கே பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது. "வீட்ல கேட்டுட்டு வரேன்," என்று எழுந்து போய்விட்டார்.

முதலாளியம்மா என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். தன் அப்பாவிடமிருந்து கடையோடு என்னையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டவர். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கூப்பிட்டார். அந்த மரியாதையை மறக்கக் கூடாது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நாள் உள்ள, லென்ஸ் சீவுற ரூம்ல இருங்க. முன்னாடி நான் உக்காந்துக்கறேன்."

"எத்தனை நாள்மா?"

"ஏப்ரல் பாதி வரைக்கும் உங்க நாற்காலிய யாருக்கும் தரமாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது. படிச்சு முடிச்ச பொண்ணு ஒண்ணு வேலை கேட்டு நடையா நடக்குது."

ஆறு வாரம். வெளியே அனுப்ப வேண்டியவர் உள்ளே அனுப்பினார். நன்றி சொல்லிவிட்டுத்தான் போனேன்.

உள்ளே லென்ஸ் வரும், அளவுச் சீட்டு வரும். முகம் வராது. முதல் தடவை கண்ணாடி போட்டதும் ஆட்கள் வாசல் பக்கம் திரும்பி எதிர்க்கடைப் பலகையை வாய்விட்டுப் படிப்பார்களே – யாரும் படிக்கச் சொல்லாமலே, எல்லாருமே – அது வராது. அதைப் பார்ப்பதற்காகத்தான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன் என்பது இன்று மூன்று மணிக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மார்ச் 4, செவ்வாய்

உள் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு மெஷின், ஒரு விளக்கு, ஒரு 'மைனஸ்'. அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. உலகத்தில் எதைக் காட்டினாலும் அதில் குறைவதை மட்டும் முதலில் சொல்வார் என்பதால் வந்த பெயர். முப்பது வருடமாக லென்ஸ் சீவுகிறார். ஒரு கீறலைக்கூட மன்னித்ததில்லை.

"வாய்யா," என்றார் மெஷினை நிறுத்தாமல். "முகத்த வச்சுப் பொழச்சவன், முகத்தாலயே இங்க வந்து சேந்தியா."

மார்ச் 6, வியாழன்

என் முகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட மற்றவர்களுக்கு நிறையத் தெரிந்திருக்கிறது. மச்சினி: கற்றாழை. மாடிவீட்டுக்காரர்: வினிகர், ஆனால் நீர் கலந்து, கலக்காமல் போட்ட அவருடைய சகலை இப்போது எல்லாரிடமும் பேச்சை நிறுத்திவிட்டாராம் (இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தைரியம் வரவில்லை). பால்காரர்: எலுமிச்சை. 'மைனஸ்': "எதுவும் போடாத. எதப் போட்டாலும் போகாது." தொலைபேசியில் என் மனைவி: "டாக்டரப் பாருங்க."

மனைவி எடையளவு ஆய்வாளர். மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களின் தராசைச் சரிபார்க்கிறாள். அதனால் அவள் சொல்வதில் கூடுதலும் இருக்காது, குறைவும் இருக்காது. அதனாலேயே அதைக் கேட்காமல், தோல் வறண்டுதானே கிடக்கிறது என்று சொந்த புத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டேன். ஆக எல்லாருக்கும் ஒரு வைத்தியம். நானும் ஒரு ஆள்.

மார்ச் 7, வெள்ளி

எண்ணெய் தப்பு.

மார்ச் 8, சனி

தோல் டாக்டர். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, காதுக் கம்பி கொஞ்சம் அகலம். சொல்ல நாக்கு துறுதுறுத்தது. நான் வந்தது அதற்கில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"பேரு செபோரிக் டெர்மடைட்டிஸ். பொடுகுக்கு அண்ணன்னு வச்சுக்கோங்க. எல்லார் தோல்லயும் ஒரு பூஞ்சை இருக்கு, என் தோல்லயும். எண்ணெய்ப் பசை இருக்கற இடமாப் பாத்துக் குடியிருக்கும். சிலர் தோல் அதோட சண்டைக்கு நிக்கும். உங்களுது நிக்குது."

எண்ணெய் தடவியதைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "விருந்து வச்சிருக்கீங்க."

"ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது."

"போகுமா?"

"போகாது. அடங்கும். வாடகைக்கு இருக்கறவங்க மாதிரி. காலி பண்ண வைக்க முடியாது, சத்தம் போடாம இருக்க வைக்கலாம்."

தலைக்கு ஒரு ஷாம்பு. முகத்துக்கு இரண்டு க்ரீமில் ஏதாவது ஒன்று: பூஞ்சையை அடக்குகிற கீட்டோகோனசோல், அல்லது சிவப்பையும் அரிப்பையும் அடக்குகிற ஹைட்ரோகார்ட்டிசோன், அது லேசான ஸ்டீராய்டு. எது நல்லது என்றேன். ரெண்டும் வேலை செய்யும், ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்கு நேரம் இல்லை. எது என் ஆள் என்று தெரிந்தாக வேண்டும். ஒரு கன்னத்துக்கு ஒன்று, மறு கன்னத்துக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கண்ணாடிக் கடை. 'இது தெளிவா, அது தெளிவா'ன்னு நாள் பூரா கேக்கறதுதான் வேலை."

சிரித்தார். "சரி, பாருங்க. ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும். அப்புறம் ரெண்டு வாரம் எதுவும் போடாம எது திரும்ப வருதுன்னு பாருங்க. ஸ்டீராய்ட ரெண்டு வாரத்துக்கு மேல இழுக்கக் கூடாது. கண்கிட்ட போகக் கூடாது."

எழுந்து வரும்போது பொறுக்க முடியாமல் அந்தக் காதுக் கம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கழற்றிக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. ஐந்து நாளில் முதல் முறையாக ஒரு முகத்துக்குக் கண்ணாடி சரிசெய்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கண்ணைச் சோதிக்கும்போது எந்த லென்ஸைப் போடுகிறோம் என்று ஆளிடம் சொல்வதில்லை. சொன்னால் எப்போதும் உயர்ந்த ரகம்தான் தெளிவாகத் தெரியும். அந்த நியாயம் என் கன்னத்துக்கும் வேண்டும். ஆகவே எந்தப் பக்கம் எந்த க்ரீம் என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்த ஒருவர் தினமும் இரண்டு வேளை தடவிவிட வேண்டும். மனைவி ஊரில் இல்லை. வீட்டில் இருப்பது மாமனார் மட்டும்.

மாமா எங்களோடு வந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடலை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிவிடலாம். "சாப்பிட்டாச்சா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா." சண்டை இல்லை, சங்கடம் இல்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அவரிடம் போய், "மாமா, என் முகத்துல க்ரீம் தடவணும்," என்று எப்படி ஆரம்பிப்பது? மூன்று முறை கூடத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சொன்னதும், "ரகசியமா வைக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா மாமா. எனக்கே தெரியக் கூடாது."

ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் ஓய்வு பெற்றது தேர்வுத் துறையிலிருந்து. வினாத்தாள் கட்டுகளுக்கு அரக்கு முத்திரை வைத்து, பூட்டி, காவல் காப்பது முப்பத்தொரு வருட உத்தியோகம். "ஒரு கேள்வி வெளிய போனதில்ல மாப்பிள்ளை," என்றார். பதினைந்து வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்தது என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

காண்டாக்ட் லென்ஸ் போட்டு வைக்கிற டப்பா ஒன்று கொடுத்தேன். அதில் இரண்டு குழி, ஒன்றுக்கு வெள்ளை மூடி, ஒன்றுக்கு நீல மூடி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு க்ரீம்களை அதில் நிரப்பினார். எந்த மூடியில் எது, எந்தக் கன்னத்துக்கு எது என்று எழுதி, உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு, அரக்கும் வைத்தார். வீட்டில் அரக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

மனைவி போனில்: "ஏங்க, ஒரு முகத்துல ரெண்டு கடை தொறக்கறீங்களா?"

மார்ச் 10, திங்கள்

முதல் நாள். காலை ஏழு மணிக்கு சமையலறை ஸ்டூலில் நான். எதிரே நின்றபடி மாமா. "கண்ண மூடிக்கோங்க." மூடிக்கொண்டேன். அவர் விரல் முதலில் காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது. எனக்குத் தெரிந்தது. பிறகு இடது புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னால். கை கழுவும் சத்தம். பிறகு வலது.

"குளிர்ச்சியா இருக்கா?"

"இருக்கு மாமா."

பஸ் டிக்கெட்டில் இரண்டு வரி கூடியது.

மதிப்பெண் போடுவது 'மைனஸ்' பொறுப்பு. லென்ஸில் கீறல் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். சிவப்புக்கு மூன்று, செதிலுக்கு மூன்று. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. இன்று இரண்டு பக்கமும் மூன்று, மூன்று. "முப்பது வருஷத்துல இவ்வளவு மோசமான சரக்க நான் பாத்ததில்ல," என்றார். அவரிடமிருந்து அது ஒரு வகையில் உற்சாகமான பேச்சு.

மார்ச் 12, புதன்

இடது: சிவப்பு 1, செதில் 2. வலது: 3, 3.

மாமா இன்று, தடவும்போது, தன் மகள் சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த கதையைச் சொன்னார். தராசு ஆய்வாளரைக் கட்டிலுக்கு அடியில் நினைத்துப் பார்த்தேன். நாள் முழுக்க நல்லபடியாகப் போனது.

மார்ச் 14, வெள்ளி

இடது கன்னம் கிட்டத்தட்ட மனிதக் கன்னம். வலது இன்னும் 2, 3. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு ஆட்கள் ஒரே மூக்கைப் பங்கு போட்டுக்கொண்டது போல இருக்கிறது. எங்கள் கடையில் முகம் பார்க்கிற கண்ணாடிகள் பதினான்கு. அத்தனையும் நல்ல வேலைப்பாடு. ஒன்றுகூடப் பொய் சொல்லாது.

மார்ச் 15, சனி

மனைவி வந்திருக்கிறாள். அவளுடைய சிநேகிதியும் சிநேகிதியின் கணவரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் வலது கன்னத்தைச் சுவர் மட்டும்தான் பார்க்கும். பேச்சு இடது பக்கத்திலிருந்து வந்தபோதெல்லாம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பதில் சொன்னேன்.

"ஏன் மாப்பிள்ளை அங்க போய் உக்காந்தீங்க?" என்றார் மாமா.

"காத்து மாமா."

அந்த மூலையில் காற்று வராது. ஃபேனும் எட்டாது.

மார்ச் 18, செவ்வாய்

வலதும் இறங்குகிறது. 1, 2.

மார்ச் 20, வியாழன்

இடது 0, 0. வலது 0, 1. 'மைனஸ்' இரண்டு முறை பார்த்தார். குறை எதுவும் கிடைக்காத மனவருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. "மூக்கு கொஞ்சம் கோணல்," என்றார் கடைசியில்.

மார்ச் 23, ஞாயிறு

பதினான்கு நாள் முடிந்தது. இரண்டு பக்கமும் பூஜ்யம். என் வாழ்க்கையில் பூஜ்யம் வாங்கிச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் முறை.

ஆக, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி. முடிவில் இரண்டும் சமம். டாக்டர் சொன்னதுதான். இனி இரண்டு வாரம் எதுவும் போடக் கூடாது. எது திரும்ப வருகிறது என்று பார்த்துவிட்டு உறையைப் பிரிக்க வேண்டும். மாமாவிடம், "ரொம்ப நன்றி மாமா," என்றேன். அவர் டப்பாவைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவிய டப்பாவையே மறுபடி கழுவினார்.

மார்ச் 25, செவ்வாய்

முதலாளியம்மா உள் அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "அட, முகம் நல்லா இருக்கே அண்ணா. நாளைக்கே வந்துடறீங்களா?" இன்னும் பத்து நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். முன்னால் போய் உட்கார்ந்து, மறுபடி உள்ளே வர எனக்குத் தெம்பு இல்லை.

மார்ச் 28, வெள்ளி

மூக்கோரம் அரிக்கிறது. கற்பனையாக இருக்கலாம்.

மார்ச் 30, ஞாயிறு

கற்பனை இல்ல. ரெண்டு புருவமும், ரெண்டு மூக்கோரமும், ரெண்டு காதுக்குப் பின்னாடியும். ஒரு பக்கமாவது நின்னிருக்கக் கூடாதா? ஒரே நாள்ல, சொல்லி வச்ச மாதிரி, ரெண்டும் திரும்ப வந்துடுச்சு. காலையில தலையணையில பாத்தேன், மாவு சலிச்ச மாதிரி கிடக்கு. ரெண்டு க்ரீமும் போட்டாச்சு, ரெண்டும் ஒரே மாதிரி கைவிட்டாச்சு. இனி எதைப் போய் ஒப்பிட்டுப் பாக்கறது – என்கிட்ட மூணாவது கன்னமா இருக்கு?

அந்தப் பொண்ணு பாவம், நடையா நடக்குதாம். நான் எதுக்கு அந்த நாற்காலிய மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உள்ள வேலை மோசமில்ல. 'மைனஸ்' நல்ல மனுஷன். பழகிக்கலாம். எல்லாத்துக்கும் பழகிக்கலாம்.

மார்ச் 31, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னேன்: "நாளைக்கு முதலாளியம்மாகிட்ட சொல்லிடப்போறேன் மாமா. ரெண்டு மருந்தும் எனக்கு ஒத்துவரல. அந்த நாற்காலிய அந்தப் பொண்ணுக்கே குடுத்துடச் சொல்லிடறேன்."

செய்தித்தாளை மடித்தார். மடித்ததை இன்னும் ஒருமுறை மடித்தார். அது மடங்குகிற அளவுக்கு மேல் மடிந்தது.

"மாப்பிள்ளை, வினாத்தாள் வெளிய போயிடுச்சு."

எனக்குப் புரியவில்லை. பேப்பரில் வந்த செய்தி என்று நினைத்து, "எந்த ஊர்ல மாமா?" என்றேன்.

"இந்த வீட்லதான்." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆறு நாள் ஒழுங்கா போட்டேன். ஏழாம் நாள்லேர்ந்து ரெண்டு பக்கமும் வெள்ளை மூடிதான். நீல மூடியைத் தொறக்கவே இல்ல."

"ஏன் மாமா?"

"அன்னிக்கு விருந்தாளி வந்தப்ப அந்த மூலையில போய் உக்காந்தீங்க. சோறு போடறவ நிக்கற பக்கம்கூடத் திரும்பல நீங்க. சுவரோட ஒட்டிக்கிட்டே பேசினீங்க. இடது பக்கம் போட்டது வேலை செய்யுதுன்னு தடவற கைக்கே தெரியுது. தெரிஞ்சும் வலது பக்கத்துக்கு அதைக் குடுக்காம வச்சிருக்கறது எனக்கு... கை வரல."

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "உங்க வீட்டுக்காரி பரீட்சை எழுதின வருஷம் அவ கேள்விக் கட்டு என் பூட்டுக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு மாசம். கணக்குல நாலு மார்க்ல போச்சு அவளுக்கு. நான் தொறந்து பாக்கல. அன்னிக்கு வராத கை இன்னிக்கு எதுக்கு வந்துச்சுன்னு ரெண்டு வாரமா யோசிக்கறேன்."

பிறகு அவரே உறையைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அரக்கு கச்சிதமாக இருந்தது. அதுதான் வேடிக்கை, முத்திரை உடையவே இல்லை. வெள்ளை மூடி: ஹைட்ரோகார்ட்டிசோன், இடது. நீல மூடி: கீட்டோகோனசோல், வலது. ஆக, பூஞ்சை மருந்துக்குக் கிடைத்தது ஆறே நாள், அதுவும் ஒரே கன்னத்தில். அது தோற்கவில்லை, பரீட்சையே எழுதவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு நாளும் தெரிந்திருக்காது. மருந்தின் மேல் பழி போயிருக்கும், அவருடைய முப்பத்தொரு வருடம் அப்படியே இருந்திருக்கும். என் நாற்காலிக்காக அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். "சாப்பிட்டாச்சா மாமா?" என்றேன்.

"இல்ல."

சேர்ந்து சாப்பிட்டோம். நான் என் பழைய நாற்காலியில்.

ஏப்ரல் 1, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்க மாமனாரை ஆராய்ச்சிக்கு எடுக்கவே கூடாது. ஆஸ்பத்திரிக்கு எடுக்கலாம்."

பிறகு சொன்னார்: ஸ்டீராய்டு வேகமாக அணைக்கும், நிறுத்தினால் பலருக்கு வேகமாகத் திரும்பும். மற்றது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் நிறுத்திய பிறகும் கொஞ்ச நாள் காவல் இருக்கும். முகம் முழுக்க நீல மூடி, தினம் இரண்டு வேளை, நான்கு வாரம். தலைக்குப் போடுகிற ஷாம்பு நுரையைப் புருவத்திலும் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும், கண்ணில் படாமல். பிறகு அடங்கி இருக்க வாரம் இரண்டு முறை போதும்.

"பதினாலாம் தேதிக்குள்ள ஆகுமா டாக்டர்?"

"பூஞ்சை தேதி பாக்காது. ஆனா நல்லாவே குறையும்."

ஏப்ரல் 5, சனி

மனைவி வந்தாள். மாமா அவளிடமும் தானே சொல்லிவிட்டார். நான் தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"நாலு மார்க்குப்பா," என்றாள். "நாலே நாலு. நான் மூணு நாள் சாப்பிடாம கிடந்தேன். அப்ப வராத பாசம் இவர் மூக்குக்கு வருதா?"

"நீ படிச்சிருந்தா நாலு மார்க் என்ன, நாப்பது வந்திருக்கும்."

"இவர் மட்டும் படிச்சாரா? எண்ணெயப் பூசிட்டுப் போனவரு."

"அவரு மாப்பிள்ளைம்மா," என்றார் மாமா, அதுவே ஒரு சட்டப் பிரிவு என்பது போல.

அவள் கோபமாகத்தான் எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஒரு தடவையாவது திருடினாரே," என்றாள். "எனக்கு அதுவே போதும்." கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எது எந்த அளவு என்று நான் கேட்கவில்லை. அது அவள் துறை.

ஏப்ரல் 9, புதன்

2, 1. இரண்டு பக்கமும். மெதுவாகத்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

1, 1. 'மைனஸ்' இன்று பூதக்கண்ணாடியை எடுக்காமலே பார்த்தார். "நீ போயிட்டா இந்த ரூம்ல பேச ஆளில்ல," என்றார். பதிலுக்கு ஏதாவது சொல்வதற்குள் மெஷினைப் போட்டுவிட்டார். சத்தத்தில் நானும் ஏதோ சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்காது, அதனால்தான் முழுதாகச் சொல்ல முடிந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

புருவம் சுத்தம். காதுக்குப் பின்னால் சுத்தம். மூக்கோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் சிவப்பு. கூர்ந்து பார்த்தால் தெரியும்; என் வேலையில் எல்லாரும் கூர்ந்துதான் பார்ப்பார்கள்.

முதலாளியம்மாவிடம் நேரே போய்ச் சொன்னேன். "இவ்வளவுதாம்மா இன்னிக்கு. இன்னும் ரெண்டு வாரத்துல இதுவும் குறையும்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா அடியோட போகாதாம். அடங்கி இருக்கும், எப்பவாவது எழும்பும். எழும்பற அன்னிக்கு நானே உள்ள போய் உக்காந்துக்கறேன். ஒட்டாது. இத முதல்லயே சொல்லியிருக்கணும்."

பில் புத்தகத்தை மூடிவைத்தார். "அன்னிக்கு உங்கள உள்ள அனுப்பினது செதிலுக்காக மட்டும் இல்லண்ணா. பாலிஷ் தூள்னு சொன்னீங்களே, அதுக்காகவும்தான். முகத்துல உதிர்ந்தா உங்க பேரு. ஃபிரேம்ல உதிருதுன்னு சொன்னா கடை பேரு. அந்த டீச்சர் பள்ளிக்கூடம் பூரா சொல்லியிருப்பாங்க, நம்ம கடை ஃபிரேம் தூள் தூளாக் கொட்டுதுன்னு."

ஆறு வாரம் நான் புருவத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வாங்க முன்னாடி," என்றார். "அந்தப் பொண்ணும் அடுத்த மாசம் வருது. ரெண்டாவது நாற்காலி சொல்லியாச்சு. நீங்கதான் பழக்கிவிடணும், வாயத் தவிர மத்ததெல்லாம்."

மதியம், பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து அந்த ஆசிரியையைக் கூப்பிட்டேன். தூள் என்னுடையது, ஃபிரேமுடையது அல்ல என்று சொன்னேன். "என் தம்பிக்கும் அப்படித்தான் இருக்கு. என்ன மருந்து போடறீங்க?" என்றார். டாக்டர் விலாசத்தைச் சொன்னேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நான்கு வாரம் முடிந்தது. இனி வாரம் இரண்டு முறை மட்டும். முன் மேசையில் இன்று ஒன்பது பேர்.

மே 5, திங்கள்

காலையில் கடை திறந்து பத்து நிமிடம் இருக்கும். தலை நிமிர்ந்தால் எதிரே மாமா. சலவைச் சட்டை. நான்கு வருடத்தில் ஒரு நாளும் கடைப் பக்கம் வந்ததில்லை. வந்தால் கண் சரியாகத் தெரியவில்லை என்று மருமகனிடம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"பழைய கண்ணாடி சரியில்ல மாப்பிள்ளை."

வாங்கிப் பார்த்தேன். அதில் பார்ப்பதும் ஒன்று, ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டுப் பார்ப்பதும் ஒன்று. "எத்தனை வருஷமா மாமா இதப் போட்டுருக்கீங்க?"

"ரிட்டயர் ஆனப்ப போட்டது."

"அப்ப என் முகத்துல தடவினப்பல்லாம்?"

"கைக்குத் தெரியுமே."

சிவப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது; நான் நாற்காலி மாற்றி உட்கார்ந்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதை அவரிடம் கேட்கவில்லை. உட்கார வைத்துக் கண்ணைச் சோதித்தேன். இது தெளிவா, அது தெளிவா. மரியாதைக்காக எல்லாமே தெளிவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னார். ஃபிரேமுக்கு அளவெடுத்தேன். 'மைனஸ்' வேறு வேலையை நிறுத்திவிட்டு அந்த லென்ஸைச் சீவிக் கொடுத்தார். குறை எதுவும் சொல்லாமல் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

மதியம் போட்டுவிட்டேன். காதுக்குப் பின்னால் கம்பி உரசக் கூடாது என்று விரலால் தடவிப் பார்த்துக் கொஞ்சம் வளைத்தேன்.

"வலிக்குதா மாமா?"

"இல்ல."

கையை எடுத்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். வெகு நேரம், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, கட்டுப் பிரித்து எண்ணுகிறவர் போல.

"மூக்கோரம் கொஞ்சம் இருக்கே மாப்பிள்ளை," என்றார்.

"இருக்கு மாமா," என்றேன்.